அண்ணன் படையலுக்கு ஒரு பாட்டில் பிராந்தி: திண்டிவனம், பாண்டிச்சேரி, விழுப்புரம்

போன மாதம் இந்தப் பக்கத்தில் திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகும் வழிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் கீழே ஒரு வாசகர், "ஐயா, பஸ் நேரமெல்லாம் இருக்கட்டும். கையைக் கடிக்காமல் நல்ல சரக்கு வாங்குவது எப்படி? டெக்கீலா எது வாங்கலாம்?" என்று கேட்டிருந்தார். படித்ததும் சிரித்துவிட்டேன். எண்பதைத் தாண்டிய, காபியையே அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்கிற ஆளிடம் வந்து கேட்கிறாரே என்று. டெக்கீலாவை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அவர் கேட்ட அதே கேள்வியோடு நானும் ஒரு நாள் பாண்டிச்சேரிக் கடைவீதியில் அலைந்திருக்கிறேன். வாழ்நாளில் நான் வாங்கிய ஒரே பாட்டில் அது. அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அதனால் தனியாகவே போடுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. பிரெஞ்சுக்காரன் பாண்டிச்சேரியை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நம் பக்கம் முழு மதுவிலக்கு. பாண்டிச்சேரியில் கடை போட்டு விற்பார்கள். நடுவில் இருபத்துச் சொச்சம் மைல்தான், அதற்குள் உலகமே வேறு. நான் திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். மாதம் நாற்பது ரூபாய் சம்பளம். அண்ணன் ஏழுமலை விழுப்புரத்தில் லாரி டிரைவர். மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போவார், வருவார். போகும்போது வேலை, வரும்போது குடி. நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. என்னை ஆறாம் வகுப்பிலிருந்து படிக்க வைத்தவர் அவர்தான். ஆனால் குடித்தார்.

அந்தக் காலத்தில் நம் பக்கம் குடிப்பதென்றால் என்ன குடிப்பது? ஏரிக்கரைப் புதரில் காய்ச்சியது. அதில் என்ன போடுவார்கள் என்று காய்ச்சுகிறவனுக்கே தெரியாது. ஒரு நாள் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் ஒரே பானையில் வாங்கிக் குடித்தார்கள். மறுநாள் பட்டப்பகலில், வாசல் கதவு திறந்து கிடக்க, வெயில் நடு வீடு வரை வந்து விழுந்திருக்க, அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "ஏன் வெளக்கு ஏத்தாம இருக்கீங்க?" என்று கேட்டார். அண்ணி எனக்கு இதைச் சொன்னபோது குரல் நடுங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயும் பிழைக்கவில்லை. மூன்று பேரும் போய்ச் சேர்ந்தார்கள்.

இனி இந்தப் பயணத்தின் காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பதினாறாம் நாள் கருமாதி. அதற்கு முந்தின நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் இறந்தவருக்குப் படையல் போடுவோம். அவருக்கு என்னென்ன பிடிக்குமோ அத்தனையும் இலையில் வைக்க வேண்டும். கருவாட்டுக் குழம்பு பிடிக்குமென்றால் கருவாட்டுக் குழம்பு, சுருட்டு பிடிக்குமென்றால் சுருட்டு. குடிக்கிறவர் என்றால் ஒரு டம்ளர் அதுவும் உண்டு. அதை வைக்காமல் விட்டால் ஆத்துமா குறையோடு போகும் என்பார்கள். மதுவிலக்குக்காகப் படையலை யாரும் மாற்றிக்கொள்ளவில்லை.

படையலுக்கு மூன்று நாள் இருக்கும்போது பெரியப்பா இந்தப் பேச்சை எடுத்தார். எங்கள் அப்பாவுக்கு மூத்தவர், பங்காளிகளில் பெரியவர், அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. "ஏரிக்கரையில இப்ப வேற ஆளு காச்சறானாம். அரை பாட்டில் வாங்கியாந்து வெச்சிடலாம். ஊரு ஒலகத்துல எல்லாரும் அதான பண்றாங்க" என்றார்.

அண்ணியின் பெயர் பச்சையம்மா. அதுவரை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் அப்படியே திரும்பினார். "அதைக் குடிச்சுத்தான மாமா செத்தாரு? அதையே அவரு முன்னாடி கொண்டாந்து வெச்சீங்கன்னா, அந்த எலையைச் சுருட்டிக் குப்பையில போட்டுட்டு எம் பொண்ணைத் தூக்கிக்கினு எங்கூட்டுக்குப் போயிடுவேன்" என்றார். பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்ப வெக்க வேணாம்னு சொல்றியாம்மா?"

"வெக்கணும். நல்லதா வெக்கணும். உசுரோட இருக்க சொல்ல ஒரு நாளும் நல்லது குடிக்கல. செத்த பொறவாவது ஒரு வாட்டி நல்லதைக் குடிக்கட்டும்."

பத்து வருடமாக அவர் குடித்துவிட்டு வரும்போதெல்லாம் சண்டை போட்டவர், பாட்டிலைப் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றியவர் சொல்கிறார் இதை. பிறகு அண்ணி என்னைப் பார்த்து, "தம்பி, நீங்கதான் வாங்கியாரணும். ஏமாந்துடாதீங்க" என்றார். பெரியப்பா எழுந்து துண்டை உதறிக்கொண்டு, "சாயந்தரத்துக்குள்ள வந்து சேரலைன்னா நான் சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் திண்டிவனம் போய் முதலாளியிடம் முன்பணமும் ஒரு நாள் விடுப்பும் கேட்டு வாங்கினேன். கடையிலிருந்து படையலில் வைக்க ஒரு புது வேட்டியும் எடுத்துக்கொண்டேன். படையல் நாள் காலை ஏழு மணிக்கு பஸ். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: திண்டிவனம், பாண்டிச்சேரி, விழுப்புரம் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள முக்கோணம். எந்தப் பக்கம் போனாலும் இருபத்துநான்கு மைலுக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே. கிளியனூர் வழியாகப் பாண்டிச்சேரிக்கு அப்போது பன்னிரண்டணா டிக்கெட், ஒன்றேமுக்கால் மணி நேரம். நயா பைசா வந்திருந்தாலும் கண்டக்டர் வாயில் அணாதான் வரும். வழியெல்லாம் புளியமரம், நிழலாகப் போகலாம். இப்போது மரமும் இல்லை, நிழலும் இல்லை, வேகம் மட்டும் இருக்கிறது. அன்றைக்கு அந்த நிழலை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. மடியில் வேட்டியை வைத்துக்கொண்டு, துணி என்றால் தொட்டுப் பார்த்தே எண்பதாம் நம்பர் நூலா, அறுபதாம் நம்பர் நூலா என்று சொல்லிவிடுவேனே, சாராயத்தை எதைத் தொட்டுப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

பாண்டிச்சேரியில் இறங்கியதும் ஒரு இட்லிக் கடையில் சாப்பிட்டேன். நாலு இட்லி, காபி, நாலணா. மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்துகளில் வரிசையாகச் சரக்குக் கடைகள். ஒவ்வொன்றின் வாசலிலும் ஒருவன் நின்று கையைப் பிடித்து இழுத்தான். முதல் இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். முதல் கடைக்காரன் பதினெட்டு ரூபாய் என்றான், தங்கக் காகிதம் சுற்றிய பாட்டில். இரண்டாவது கடைக்காரன் ஐந்து ரூபாய்க்கே "ஒரிஜினல் பிராந்தி" என்றான். இரண்டையும் நான் நம்பவில்லை. துணிக்கடைக்காரன் புத்தி அது.

மூன்றாவது கடையில் யாரும் கையைப் பிடிக்கவில்லை. உள்ளே ஒரு கனத்த ஆள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அங்கே இப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். நல்ல பிராந்தி வேண்டும், விலை அதிகம் போகக் கூடாது என்றேன்.

"யாருக்கு? உங்களுக்கா?"

"எங்க அண்ணனுக்குங்க."

"அவரு எப்படி, காரமா குடிப்பாரா, மெதுவா இருக்கணுமா?"

எனக்குத் தெரியவில்லை. அவர் குடிக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. அவருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், எந்தக் கூத்து பிடிக்கும், சட்டையின் எந்தப் பொத்தானைப் போடாமல் விடுவார் என்பதெல்லாம் தெரியும். இது மட்டும் தெரியாது. நான் விழித்ததைப் பார்த்துவிட்டு அவர், "இன்னிக்கி ஒண்ணும் கெட்டுப் போகல, அவரையே கேட்டுக்கினு நாளைக்கு வாங்க" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. பதினைந்து நாளாக வராத அழுகை, முன்பின் தெரியாத கடையில், காலை பத்து மணிக்கு வந்தது. வேட்டியில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் படையல் என்பதையும் முதல் இரண்டு கடையில் கேட்ட விலையையும் சொன்னதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

அவர் சொன்னதையெல்லாம் வாசகருக்காக நினைவுபடுத்தி எழுதுகிறேன். பாட்டிலின் அழகுக்குக் காசு கொடுக்காதே, தங்கக் காகிதத்தைக் குடிக்க முடியாது. மூடியின் மேல் இருக்கும் ஈய உறை ஒட்டியபடி, சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும். அது தளர்ந்திருந்தால் பழைய பாட்டிலில் புதுசை ஊற்றியிருக்கிறார்கள். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார், கசடு மிதந்தால் வைத்துவிடு. நிறத்தை நம்பாதே, சர்க்கரையைக் கருக்கிப் போட்டால் எதற்கும் அந்த நிறம் வந்துவிடும். கடைசியாக, திறந்து வைத்திருந்த இரண்டு பாட்டிலிலிருந்து என் இரண்டு உள்ளங்கையிலும் சொட்டுச் சொட்டாக விட்டார். "தேய்ங்க. உடனே மோந்து பாக்காதீங்க. நெடி போவட்டும், அப்புறம் பாருங்க" என்றார். இடது கையில் கருகின வெல்ல வாசனை. வலது கையில் உலர்ந்த திராட்சை வாசனை. இவ்வளவுதான் வித்தியாசம். "இடது அஞ்சு ரூபா. வலது பதினொண்ணு. பதினெட்டு ரூபாய்க்காரன் விக்கிறதும் இதேதான், காகிதம் மட்டும் வேற" என்றார்.

பதினொரு ரூபாய் பாட்டிலையே எடுத்தேன். "படையலுக்குத்தானே, அரை பாட்டில் ஆறு ரூபாய்க்கு இருக்கு, அது போதும்" என்று அவராகவே சொன்னார். நான்தான் கேட்கவில்லை. படையல் முடிந்ததும் பங்காளிகள் பங்கு கேட்பார்கள், பெரியப்பாவின் கோபத்தை வேறு ஆற்ற வேண்டும் என்று முழு பாட்டிலாக வாங்கினேன். புது வேட்டியை விரித்து, நடுவில் பாட்டிலை வைத்துச் சுற்றிப் பைக்குள் செருகினேன். கிளம்பும்போது அவர், "எல்லையில பாத்து" என்று மட்டும் சொன்னார்.

பாண்டிச்சேரி எல்லையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அது ஒரே கோடு கிடையாது. விழுப்புரம் ரோட்டில் வில்லியனூர் தாண்டியதும் கண்டமங்கலம் வரும், அது நம் பக்கம். அப்பாடா என்று மூச்சு விட்டால் திருபுவனை, மதகடிப்பட்டு, மறுபடியும் பாண்டிச்சேரி. அதையும் தாண்டினால்தான் வளவனூர். யாரோ கைதவறிக் கிழித்த துணி போலத் துண்டு துண்டாக இருக்கும். அதனால் ஒரு பாட்டிலை விழுப்புரம் கொண்டுபோக வேண்டுமானால் இரண்டு தடவை பயப்பட வேண்டும். பகலில் விழுப்புரத்துக்கு பஸ் குறைவு, காத்திருந்து இரண்டு மணி பஸ் பிடித்தேன். கண்டமங்கலத்தில் போலீஸ்காரர் படியில் ஒரு கால் வைத்து எட்டிப் பார்த்துவிட்டு விசில் ஊதிவிட்டார். மதகடிப்பட்டைத் தாண்டியதும் பஸ்ஸை ஓரம் கட்டச் சொன்னார்கள். பெரிய மீசையோடு ஒரு ஏட்டு ஏறி ஒவ்வொரு பையாக அமுக்கிப் பார்த்தபடி வந்தார்.

"இன்னாது இது?"

"வேட்டிங்க."

"வேட்டி இம்மாங் கனமாவா இருக்கும்? எறங்கு கீழ."

இறங்கினேன். ரோட்டோரம் கரும்பு லோடு வண்டி ஒன்று நின்றிருந்தது. அதன் நிழலில் வைத்து வேட்டியைப் பிரித்தார். பாட்டில் வெளியே வந்ததும் பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. கேஸ் என்றால் ஜெயில், வேலை போய்விடும், அதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. மணி மூன்றாகிறதே, ஏரிக்கரைச் சாராயம் அண்ணன் முன்னால் போய் உட்காரப் போகிறதே என்றுதான் தோன்றியது. படையல் என்றேன். அண்ணன் என்றேன்.

"தெனம் பத்துப் பேரு படையல்னுதான் சொல்லிக்கினு போறான்" என்றார் ஏட்டு. பிறகு வேட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். நாலு முனையிலும் மஞ்சள் தடவியிருந்தது, கடையில் கிளம்பும்போதே நான் தடவியது. "எந்த ஊரு?"

"விழுப்புரம்ங்க. டிரைவர் ஏழுமலை."

"மூணு பேரு செத்தாங்களே, அதுலயா?"

"ஆமாங்க."

"கண்ணு தெரியாமப் போச்சே, அவரா?"

தலையாட்டினேன். ஏட்டு ஈய உறையைக் கிழித்து மூடியைத் திறந்தார். குடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பாட்டிலைச் சாய்த்து மண்ணில் ஊற்ற ஆரம்பித்தார். கடகடவென்று ஊற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், நிதானமாக, பார்த்துப் பார்த்து ஊற்றினார். உலர்ந்த திராட்சை வாசனை ரோடு முழுக்க எழும்பியது. பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர், "ஐயோ, ஐயோ" என்று வாய்விட்டே சொன்னார். அடியில் ஒரு டம்ளர் அளவுக்கு மிஞ்சியபோது ஏட்டு நிமிர்த்தி மூடியை அடித்து மூடினார்.

"இது செத்தவருக்கு. அவரு மேல நான் கேஸ் போட முடியாது. மீதி உங்க பங்காளிங்களுக்கு, அது குத்தம். ஏறு, ஜல்தி" என்றார். வேட்டியை அவரே சுற்றிக் கொடுத்தார்.

இந்த வழியில் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், இதற்கப்புறம் எனக்குக் கை ஓடாது. சரக்கு வாங்க வேண்டியிருந்தால் எல்லையோரக் கடையில் அவசரப்பட்டு வாங்காதீர்கள், ஊருக்குள் போய் கையைப் பிடித்து இழுக்காத கடையாகப் பாருங்கள். நடு விலையில் வாங்குங்கள். தேவைக்கு மேல் வாங்காதீர்கள், அரை பாட்டில் போதுமென்றால் அரை பாட்டில்தான். எந்த மாநிலத்தில் என்ன சட்டம், எவ்வளவு கொண்டுபோகலாம் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். டெக்கீலாவுக்கும் உள்ளங்கை வைத்தியம் பலிக்கும் என்றுதான் நினைக்கிறேன், வாசனை வேறாக இருக்கும். இதே ரோட்டில் வளவனூரில் இறங்கினால் சுடச்சுட வேகவைத்த மல்லாட்டை கிடைக்கும், சாப்பிடாமல் வராதீர்கள். அன்று நான் சாப்பிடவில்லை, அண்ணனுக்காகப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டேன்.

விழுப்புரம் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. பெரியப்பா வாசலிலேயே நின்றிருந்தார். பாட்டிலை வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ தூரம் போய்க்கினு வந்தே?" என்றார். நடந்ததைச் சொன்னேன். பங்காளிகள் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அண்ணி மட்டும், "இது நல்லதுதான தம்பி? ஏமாறலையே?" என்று கேட்டார். "நல்லது அண்ணி. கையில தேச்சுப் பாத்துத்தான் வாங்கினேன்" என்றேன். அவர் பாட்டிலை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அண்ணனுக்குப் போட்டோ கிடையாது. மணையின் மேல் அவருடைய காக்கிச் சட்டையை மடித்து வைத்து, அதன்மேல் புது வேட்டி. இலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, முட்டை, மல்லாட்டை, சுருட்டு, ஓரத்தில் எவர்சில்வர் டம்ளரில் பிராந்தி. கற்பூரம் காட்டினோம். பிறகு வழக்கப்படி எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம், அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. தெருவில் நின்றோம். உள்ளே எலி ஓடியதோ என்னவோ, லேசாக ஏதோ ஓசை கேட்டது. அண்ணி கதவில் காதை வைத்துக்கொண்டார். அதைப் பார்க்க முடியாமல் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கதவைத் திறந்து உள்ளே போனோம். படைத்ததை வீட்டார் பகிர்ந்து சாப்பிட வேண்டும். டம்ளர் எப்போதும் பங்காளிகளில் மூத்தவருக்கு. பெரியப்பா உட்கார்ந்து கையை நீட்டினார். அதற்குள் அண்ணி குனிந்து டம்ளரை எடுத்துவிட்டார். முறையில்லை. பொம்பளை, அதிலும் தாலி அறுக்க மறுநாள் குறித்திருக்கிறவர், பெரியவர்கள் முன்னால். யாரோ, "ஏம்மா, இன்னா பண்றே?" என்றார்கள். அண்ணி யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார்.

முகம் அப்படியே சுருங்கியது. இருமல் வந்தது, அடக்கினார். நெஞ்சைக் கையால் நீவிவிட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். பதினைந்து நாளில் முதல் தடவையாக அவர் கண்ணில் நீர் வழிந்ததைப் பார்த்தேன். டம்ளரைக் காக்கிச் சட்டைக்கு முன்னால் திரும்ப வைத்துவிட்டு என்னைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"நல்லதே இப்புடி எரியுதே தம்பி. அவரு குடிச்சது எப்புடி எரிஞ்சிருக்கும்?"